பூசைக்கு ஆகாத ஒன்பது புட்டி

கப்பலில் வேலை பார்க்கும் என் மருமகன் நேற்று மத்தியானம் ஒரு வெள்ளை ஒயின் புட்டியைத் திறந்தான். “இனிப்பே இல்லாத புளிப்பு ரகம் மாமா. இன்னொண்ணு இருக்கு, அத அஞ்சாறு வருசம் வச்சுத் தொறக்கப் போறேன்” என்றான். அவன் நீட்டிய தக்கையை மோந்தேன். அந்த ஈர வாசனையில், நண்பா, நீ வந்து நின்றுவிட்டாய். வைக்காதே என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அதைச் சொல்லத் தகுதியுள்ளவன் நீதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய நேரம். நீ நம் ஊர் வேதக்கோயிலில் மெலிஞ்சி. பீடத்தைத் துடைப்பதும், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பதும் உன் வேலை. நான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடும் தோணியில் ஆள். ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் அதிகாரி கோயிலுக்கென்று பன்னிரண்டு புட்டி வெள்ளைத் திராட்சரசம் கொடுத்துவிட்டார். கொண்டுவந்து இறக்கியது நான்தான். பங்குச்சாமி ஒன்றைத் திறந்து உனக்கும் ஒரு மடக்குக் கொடுத்தார்.

“பச்ச மாங்காயக் கடிச்ச மாதிரி பல்லு கூசுது, சாமி. ஆனா தெளிவா இருக்கு” என்றாய்.

“இது பழகப் பழக ருசி கூடும். இருக்கிற இனிப்பு ரசத்தை முதலில் செலவழிப்போம்” என்றார் அவர்.

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் விடுதியில் ஏழு வருடம் புட்டி அறையைக் கவனித்தவன் நீ. தயங்கித்தான் சொன்னாய்: “இனிப்பு ரசத்துல சாராயம் சேத்திருக்கு சாமி, அது கெடாது. இதுக்கு எளசுதான் அழகு. நம்ம ஊரு வெக்கைல வருசம் தாங்காது. இத மொதல்ல எடுப்போம்.”

அவர் கேட்கவில்லை. நீ முணுமுணுக்கவும் இல்லை. வடபக்கத்து அறையில் மணலைத் தோண்டி, தக்கை காயாதபடி புட்டிகளைப் படுக்கவைத்து மூடினாய். மூன்று வருடம், தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து அந்த மணலை நனைத்தாய்.

“கெட்டுப்போவும்னு நீதான சொல்லுத. பொறவு ஏம்லே இந்தப் பாடு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் சொன்னது தப்பாப் போவட்டும்னுதாம்லே தண்ணி ஊத்துதேன்” என்றாய். அன்று நான் சிரித்தேன். அந்தப் பதிலின் உயரம் எனக்கு எட்டப் பல வருடங்கள் ஆயின.

குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கையில் இனிப்பு ரசம் தீர்ந்தது. யுத்தத்தால் புதுச் சரக்கும் வரவில்லை. மணலைக் கிளறி முதல் புட்டியைத் திறந்தாய். தேயிலைத் தண்ணீர் நிறம். மூக்கில் ஏறும் காடி வாடை. காடியாகிப் போன ரசம் பூசைக்குச் செல்லாது. சாமியின் முகம் வெளுத்துவிட்டது.

அவர் காதில் விழாமல் நான் உன்னிடம் சொன்னேன்: “ஏலே, பூசையில குடிக்கது சாமி ஒருத்தர்தான. சனத்துக்கு எங்க தெரியப் போவுது?”

“சாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப ஒனக்கும் தெரியும். இன்னும் யாருகிட்டலே மறைக்கணும்?”

ஒவ்வொன்றாகத் திறந்தாய். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துத் துப்பினாய். பதினொன்றில் ஒன்பது பாழ். இரண்டு மட்டும், தக்கை இறுகியிருந்ததோ என்னவோ, பொன்னிறமாக இருந்தன. தேனும் வறுத்த முந்திரியும் கலந்த ஒரு மணம். நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றது இப்போதும் தெரிகிறது.

“இதுக்காகத்தான் வைக்கச் சொன்னேன்” என்றார் சாமி, மெல்லிய குரலில்.

“நெசந்தான் சாமி. நான் நெனச்சதவிட அழகா இருக்கு. ஆனா ரெண்டுக்காவ ஒம்பதக் குடுத்துட்டோமே.”

குத்திக்காட்டும் தொனி அதில் துளியும் இல்லை. நீ உண்மையாகவே வருந்தினாய், அந்த ஒன்பதுக்காகவும் அவருக்காகவும். உடனே மருந்துக்கடையில் சின்னச் சீசாக்கள் வாங்கி, கொதிநீரில் கழுவிக் காயவைத்து, அந்த இரண்டு புட்டி ரசத்தையும் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை ஊற்றி, மெழுகால் அடைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமி சொன்னார்: “நம் மெலிஞ்சி சரியாகச் சொன்னார். கேளாதது என் பிழை. ரசம் வரும்வரை ஞாயிறு மட்டுமே பூசை.” எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ குனிந்து குருத்தோலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் கொழும்பிலிருந்து நாலு புட்டி இனிப்பு ரசத்தோடு வந்து சேர்ந்தபோது, உன்னிடம் இன்னும் ஒரு சீசா மீதி இருந்தது.

யுத்தம் முடிந்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாய். நான் அப்போது கடலில் இருந்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று உன்னிடம் சொன்னதற்காக ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவும் வாய்க்கவில்லை.

பிறகு நானே தோணியை நடத்தும் தண்டல் ஆனேன். புயலில் சரக்கு நனைந்து கரை சேர்ந்த நாட்கள் பல. காய்ந்த மூட்டைகளை மேலே அடுக்கிவிடலாம் என்று ஆட்கள் சொல்வார்கள். ஆனாலும் முதலாளி வந்ததும், நனைந்த மூட்டையைத்தான் முதலில் பிரித்துக் காட்டுவேன்.