ஏரோதியாவின் சிவப்புப் புடவை

ஃப்ளோரா,

உன் சீரியலை நான் பார்ப்பதில்லை. நேற்று நீ அழுத காட்சியில் மூக்குத்தி பொருத்தமாகவே இல்லை.

அன்று நம் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் மாதா வேடத்தை முதலில் உனக்குத்தான் கொடுத்தார்கள். "முக்காட்டுக்குள்ள அழுதுகினு இருந்தா என் மூஞ்சி எவனுக்குத் தெரியும்? சீரியல் எடுக்கறவங்க வராங்களாம். எனக்கு ஏரோதியா போதும்" என்றாய். மகளைவிட்டு யோவானின் தலையைக் கேட்டவள் வேடத்துக்கா இப்படி அலைகிறாள் என்று சிரித்தேன்.

மாதா வேடம் எனக்கு வந்தது. மாதாவாக நடிப்பவள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க மீன் தொடக்கூடாது. நான் தொடவில்லை. ஜனங்கள் என் கையை முத்தமிட்டார்கள். சீரியல் டைரக்டர் உன் கையைக் குலுக்கினார்.

இந்த வருடமும் ஃபாதர் என்னையே மாதாவாகக் கேட்டார். முடியாது என்றுவிட்டேன்.

நீ ஏரோதியாவுக்குக் கட்டிய சிவப்புப் புடவை உன்னிடம்தானே கிடக்கிறது? உடனே அனுப்பு.

இப்படிக்கு,
இந்தத் தவக்காலத்தில் வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடுகிறவள்