வாப்பாவின் ஒன்பது நொடி

செப்டம்பர் 11, 2023. திங்கள்

துணைப்பாடமாக ஊடக விமர்சனம் எடுத்துவிட்டேன். வணிகவியல் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'ஆர்வம்' என்று எழுதினேன். பொய். அமீர் அலிக்காக எடுத்தேன்.

செப்டம்பர் 15. வெள்ளி

இன்றும் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. முட்டி வலியாம். சைகோன் துறைமுகப் பக்கம் கான் ஹொய் கிடங்கில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிற முட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் வலிக்கிறது.

ஏப்ரலில், நோன்பு மாதத்தில், யூடியூபர் அமீர் அலி கேமராவோடு பள்ளிவாசலுக்கு வந்தான். கஞ்சி வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்ற வாப்பாவிடம் பேச்சுக் கொடுத்தான். என்ன சொன்னேன் என்று அன்றைக்கே வாப்பா வீட்டில் பெருமையாகச் சொல்லிக் காட்டினார்: "கஞ்சி இல்லேன்னா எங்களுக்கு நோன்பு தொறந்த மாதிரியே இருக்காது தம்பி. வீட்டுல பிரியாணியே இருந்தாலும் இதுக்கு வந்துருவோம்."

யூடியூபில் வந்தது: "கஞ்சி இல்லேன்னா எங்களுக்கு..." அவ்வளவுதான். பிறகு வயலின். தலைப்பு, 'சைகோனில் கஞ்சிக்குக் கையேந்தும் கடைசித் தமிழர்கள்'.

அவன் நாகூர்க்காரன். நோன்புக் கஞ்சியை ஏழை பணக்காரன் எல்லோரும்தான் வாங்கிப்போவார்கள் என்று தெரியாதவனா? தெரிந்தே செய்தான்.

காரைக்காலிலிருந்து மாமி போனில் அழுதார். "சோத்துக்கே வழியில்லாமயா இருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" வாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து பள்ளிப் பக்கம் போவதில்லை.

விடமாட்டேன்டா உன்னை.

செப்டம்பர் 27. புதன்

ஆசிரியை ஹான் ஒரு செய்திப்படத்தை ஓடவிட்டு, வெட்டு வரும்போதெல்லாம் மேசையைத் தட்டச் சொன்னார். வகுப்பு முழுக்க டொக்டொக்கென்று சத்தம். "வெட்டுக்கு அப்புறம் என்ன இருந்திருக்கும் என்று கேளுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து அமீர் அலியின் படத்தில் வாப்பா வருகிற ஒன்பது நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்கு வெட்டு. எங்கே வெட்டினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறேன்.

அக்டோபர் 19. வியாழன்

அமீர் அலி மறுபடி வியட்நாமுக்கு வந்திருக்கிறான்! வுங் டாவ் கடற்கரையில் கணவாய் மீன் தின்கிற படம் போட்டிருக்கிறான். 'ஊடக மாணவி. தமிழ் யூடியூபர்களைப் பற்றி ஒரு பேட்டி வேண்டும்' என்று செய்தி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் சரி என்றான். யார் மகள் என்று கேட்கக்கூட இல்லை.

அக்டோபர் 22. ஞாயிறு

பூ மி ஹங் பகுதியில், கல்லூரிக்கு எதிரே காபிக்கடை. கேமராவை அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினேன்.

கஞ்சி வரிசையைப் பற்றிக் கேட்டேன். "கஞ்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாதாங்க? சோகமா இருந்தாத்தான் பாக்குறாங்க" என்றான். உள்ளுக்குள் துள்ளினேன். மாட்டினாயா!

அவன் அத்தோடு நிறுத்தவில்லை. "எங்க வாப்பா மவுத்தானப்புறம் நோன்பு மாசத்துல எங்க வீட்டுக்கு ராச்சோறே அந்தக் கஞ்சிதாங்க. மத்தப் புள்ளைங்க ருசிக்கு வாங்கும், நான் பசிக்கு வாங்குனேன். உம்மாதான் அனுப்பும். அந்தப் பெரியவரு சட்டியப் பாத்ததும் அதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அவருக்குப் பண்ணது அநியாயம். மாப்பு கேக்கணும். அவர ஒங்களுக்குத் தெரியுமா?"

"அவரை எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

பசியாம். அதற்கு என் வாப்பாதானா கிடைத்தார்?

அக்டோபர் 30. திங்கள்

'பாக்குறாங்க'வோடு வெட்டினேன். வயலின் சேர்த்தேன் — தேடிப்பிடித்து அதே வயலின். ஏற்றிவிட்டேன்.

நவம்பர் 2. வியாழன்

இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவனைக் கிழி கிழி என்று கிழிக்கிறார்கள். அவன் உம்மாவையும் இழுக்கிறார்கள். அதைப் படிக்காமல் தள்ளினேன். நன்றாக வேண்டும் அவனுக்கு.

நவம்பர் 3. வெள்ளி

காலையில் வாப்பாவிடம் காட்டினேன். இன்றைக்கு ஜும்ஆவுக்குக் கிளம்பிவிடுவார் என்று சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இவன் பேச்சு பாதியில நிக்குதே புள்ள. மீதி எங்க?"

"அவ்வளவுதான் வாப்பா."

"என் பேச்சும் இப்புடித்தான் நின்னுச்சு" என்றார். சட்டையைத் தொடவில்லை.

யாருக்காகச் செய்தேன் இதெல்லாம்? ஒரு சந்தோஷம் இல்லை அந்த முகத்தில். அழுகை அழுகையாக வருது எனக்கு.

நவம்பர் 4. சனி

இஸ்திரி போட்ட சட்டையை என் மேசையில் வைத்துவிட்டு வாப்பா கிடங்குக்குப் போய்விட்டார்.

நவம்பர் 5. ஞாயிறு

முழுப் பேட்டியையும் போட்டுக் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு, அசையாமல் கேட்டார். கஞ்சி பசிக்கு என்று அவன் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடியப்போகிற சமயத்தில் நிறுத்தப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

கடைசியில் வருவது என் குரல்: 'அவரை எனக்குத் தெரியாதுங்க.' வாப்பா அதையும் கேட்டார்.

காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டு, "முழுசாப் போடு. ஒண்ணும் வெட்டாத" என்றார்.

"கடைசியில நான் சொன்னதையுமா வாப்பா?"

"அதையுஞ் சேத்து."

ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எழுபது சதவீதம் ஆகியிருக்கிறது.