எங்காங் குடியிருந்த பட்டமரம்

இயேசு மரி சூசை துணை

தெலுக் பங்லிமா காராங்,
4 மார்ச் 1935

ரயில்வே ஆபீஸில் எழுத்துவேலைக் கிராணியாக இருக்கும் என் மகன் மாரிஸுக்கு அப்பன் அம்புரோஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. கடைக் கணக்குப்பிள்ளை இராமலிங்கம்தான் எழுதுகிறார்.

நான் சுகம். முட்டிவலிக்கு மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லை. உங்கள் வாலிபர் சங்கத்து முகாம் நிலத்துக்கு நீ என்னைக் காவல் வைத்து மூன்று வருஷம். வந்தபோது ஒரு குருவி இல்லை. காட்டு அத்தியை வெட்டாமல் விட்டேன், குட்டையைத் தூர்க்காமல் விட்டேன். இப்போது நீர்நாய்கூட வருகிறது. போன லீவில் பையன்கள் கொண்டுவந்த கவண்களைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். புகார் உனக்கு வந்திருக்கும்.

ஈஸ்டர் முகாமுக்காகப் பட்டமரத்தை வெட்டச் சொன்னாயாம். கொஞ்சம் பொறு ராசா. அதன் பொந்தில் எங்காங் பெட்டை அடைந்திருக்கிறது, மூக்குமேல் கொம்பு வைத்த பெரிய பறவை. உள்ளே உட்கார்ந்து மண்ணைக் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டது. விரலளவு சந்துதான். ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டுகிறது. ஜூன் வரை விட்டுவிடு.

அப்பா அம்புரோஸ், கைநாட்டு


பிரிக்பீல்ட்ஸ்,
9 மார்ச் 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

நாற்பது பிள்ளைகள் கூடாரம் போட வருகிறார்கள். மரம் ஒருவன் தலையில் விழுந்தால் செயலாளர் என்று என் பெயர்தான் இழுபடும். சங்கக் கூட்டத்தில் பேசில் என்கிற உறுப்பினர், “உங்கப்பா காவல்காரரா, குருவிக்கு ஆயாவா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததற்கு எனக்கு இந்தப் பேர். வெட்டுகிற ஆட்கள் வருவார்கள், தடுக்காதீர்கள். இதைப் பற்றி மறுபடி எழுதவும் வேண்டாம்.

மாரிஸ்


தெலுக் பங்லிமா காராங்,
13 மார்ச் 1935

மகனே,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

அப்போது நீ நாலு மாதக் கைக்குழந்தை. தோட்டத்தில் பேதி வந்தது, ஐப்பசி இரண்டாம் செவ்வாய். உன் அம்மா செசிலியாவையும் உன்னையும் தனிக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள். பக்கத்தில் போக ஆள் இல்லை. நான் பலகைச் சந்து வழியே கரண்டியால் கஞ்சி விட்டேன். பதினேழு நாள். எட்டாம் நாள் கங்காணி, “போதும் அம்புரோஸ், சாகிறவளுக்கு எதுக்குய்யா கஞ்சி?” என்று கையைப் பிடித்தான். தட்டிவிட்டேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று உங்கம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த ஆண் பறவை வருகிறபோது எனக்குக் கை வேலை ஓடவில்லை. அவ்வளவுதான். உன் கோபத்தை இந்த வயசில் தாங்க முடியாது. இனி நீ எழுதுகிறபடியே செய்கிறேன்.

அப்பா, கைநாட்டு


பிரிக்பீல்ட்ஸ்,
16 மார்ச் 1935

அப்பா,

அம்மா இருந்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீஸில் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

சங்கத்தில் பேசினேன். பேசிலே ஒப்புக்கொண்டார். கூடாரங்கள் மரத்தை விட்டுத் தள்ளி, குட்டைக்கு மறுபக்கம் வரும். மரம் நிற்கட்டும். தெரியாமல் ஆட்கள் வந்துவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்புங்கள். முகாமுக்கு நானும் வருகிறேன். அந்த ஆணை எனக்குக் காட்டுங்கள்.

உங்கள் மகன் மாரிஸ்


தெலுக் பங்லிமா காராங்,
22 மார்ச் 1935

மகனே,

உன் கடிதம் திங்களன்றே வந்தது. இராமலிங்கம் பங்குனி உத்திரத்துக்குக் கிள்ளான் போயிருந்தார். வாசிக்க ஆளில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை நாலு பேர் கோடாரியோடு வந்தார்கள். மேஸ்திரிக்கு எழுத்துத் தெரியும். “பெரியவரே, கடுதாசி ஏதும் வந்துச்சா? வெட்டலாமா வேணாமான்னு எங்களுக்கே சரியாத் தெரியலை” என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. நீ திட்டித்தான் எழுதியிருப்பாய், அதை ஊரான் வாயால் கேட்பானேன் என்று நினைத்தேன். “என் மகன் வெட்டத்தான் சொல்லியிருக்கான், வெட்டுங்க” என்றேன். நான்தான் சொன்னேன்.

அடைகிடந்த பெட்டைக்கு இறகெல்லாம் உதிர்ந்து கிடந்தது, மரம் சாய்கிறபோது பறக்க வழியில்லை. குஞ்சு இரண்டு. மூன்றையும் அத்தியடியில் புதைத்தேன்.

நேற்று இராமலிங்கம் வந்து வாசித்தார். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

வெட்டினவர்கள் மேல் கோபப்படாதே. பெற்ற பிள்ளை நல்லது எழுதியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லையே மாரிஸ். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. முகாமுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஆண் இன்றைக்கும் வந்தது, வாயில் பழத்தோடு. மரம் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. உட்கார இடமில்லை. பிள்ளைகள் வருவதற்குள் அது இங்கே வருவதை விட்டுவிட வேண்டும் என்று செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா, கைநாட்டு