பப்பாசிச் சாறும் சாலிஹ் காக்காவின் கண்ணும்

பல்லேபொல
3.7.1966

அன்புள்ள ஸுபைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகன் யாகூபும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நம் றமீஸாவின் கபுறில் மண் காயவில்லை. நீயோ மாத்தளையில், அவளைக் கொன்றவன் வீட்டில் இருக்கிறாய். சாலிஹ் உன் கூடப்பிறந்த காக்காதான். ஆனால் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பப்பாசி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் கொடுத்தவன் அவன். அதன் பிறகுதானே பிள்ளை இரத்தமாக வாந்தி எடுத்தாள்?

மையித்தை அடக்கிய கையோடு மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு அவன் மருந்துக் கடைக்குப் போனேன். போத்தல்களை உடைத்தேன். வளவில் நின்ற பப்பாசி மரங்களைத் தறித்தேன். "மச்சான், மச்சான்" என்று கத்தினான். அதற்கும் சேர்த்து அடித்தேன். இன்னும் என் மனம் ஆறவில்லை.

யாகூப் உன்னைக் கேட்டு அழுகிறான். அவனை அனுப்ப மாட்டேன். நீ வா. என்னை அங்கே வர வைத்தால் வெறுங்கையோடு வர மாட்டேன்.

உன் புருஷன்
பலீல்


மாத்தளை
9.7.1966

றமீஸாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். காக்காவின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். போத்தல் ஓடு உள்ளே இறங்கியிருந்தது. பொலிஸ்காரர் கேட்டபோது, "வழுக்கி அலுமாரி மேல விழுந்தேன் ஐயா" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "புள்ளைய மௌத்துக்குப் பறிகுடுத்த மனிசன், விடு தங்கச்சி" என்று தடுத்துவிட்டார்.

சாறு தந்த அன்று அவர் சொன்னது உங்களுக்குத் தெரியாது. "இது குணமாக்குமான்னு எனக்கே நிச்சயமில்ல. காய்ச்சல் விட்ட பிறகுதான் மோசம். புள்ளையோட கை கால் குளுந்தா, வயித்த வலிச்சா, ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார்.

காய்ச்சல் விட்டது. கை குளிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னேன். "காய்ச்சல்தான் விட்டுச்சே, பெறகென்ன?" என்றீர்கள். மறுபடி சொன்னேன். வாயிலேயே அடித்தீர்கள். உதட்டிலிருந்து வழிந்த இரத்தத்தை நான் துடைத்துக்கொண்டு வந்தபோது, பிள்ளையின் மூக்கிலும் இரத்தம்.

யாகூபை அனுப்பி வையுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

ஸுபைதா


பல்லேபொல
21.7.1966

ஸுபைதா,

இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். யாகூபுக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. பக்கத்து வீட்டு நூருன்னிஸாவின் மகனும் இதே காய்ச்சலில் நேற்று மௌத்து. நுளம்பு கடித்துப் பரவுகிற நோய் என்கிறார்கள்.

சாலிஹிடம் கேள். எந்த இலை, எவ்வளவு? என் வளவில் இருந்த பப்பாசியையும் அன்று ஆத்திரத்தில் வெட்டிப் போட்டுவிட்டேன். யாரிடம் போய்க் கேட்பேன்? உன் காலில் விழுகிறேன்.

பலீல்


மாத்தளை
21.7.1966

அதே கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். காக்கா சொல்கிறார்: "எலை ஒண்ணும் தேட வேணாம். நேரம் போயிரும். புள்ளையத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸிலயே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. வழியில கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி குடுக்கச் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

ஸுபைதா


மாத்தளை
14.8.1966

பலீல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யாகூப் சோறு சாப்பிடுகிறான், மாமாவின் வளவில் ஓடித் திரிகிறான். அல்ஹம்துலில்லாஹ். காக்காவிடம் டொக்டர், "இந்த வைரஸுக்கு எங்களிட்டயும் மருந்தில்ல. சேலைன் ஏத்திக் காவல் இருந்தோம், அவ்வளவுதான்" என்றாராம். காக்கா திரும்பவும் நிலவேம்பு விதைத்திருக்கிறார். எது எவ்வளவு உதவும் என்று பார்க்க வேண்டுமாம்.

வார்டில் காக்கா பிள்ளைக்கு இளநீர் பருக்கியதைப் பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அவர் உங்களை மன்னித்துவிட்டார். கண் அவருடையது, அவர் மன்னிக்கலாம். அடி வாங்கிய வாய் என்னுடையது. றமீஸா என் பிள்ளை.

நம் நிக்காஹை முறித்துத் தரும்படி காதியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு அழைப்பு வரும். யாகூபைப் பார்க்க நீங்கள் எப்போதும் வரலாம். காக்கா வீட்டில் இருக்கும் நேரம் வாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை, நீங்கள் ஜும்ஆவுக்குப் போயிருக்கும்போது வந்து பிள்ளையின் உடுப்புகளை எடுத்துக்கொள்கிறேன். கதவைப் பூட்டாமல் போங்கள்.

ஸுபைதா