முன் சீட்டுக்கு ஒரு லைசென்ஸ்

மார்ச் 3, 2025

இன்றைக்கும் முன் சீட் எனக்குத்தான். ஏர்கோன் காற்று நேராக முகத்தில், செகண்ட் லிங்க் பாலத்து ஜாமில் சுகமான தூக்கம். கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் வேனில் முன்பெல்லாம் இந்த சீட்டுக்கு அடிதடி. இப்போது நான் கொடுத்த ஆப் தினமும் குலுக்கி சீட் போடுகிறது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் செய்தது! என் பெயரை மட்டும் குலுக்காது, நேராக முன் சீட்டில் போட்டுவிடும். யாருக்கும் தெரியாது.

மார்ச் 5

வேன்காரர் ஐயாசாமி அண்ணன்: "என்னடா ஜீவன், ஒனக்கு மட்டும் தெனமும் லக்கு?"

"சாமி கும்புடுறேண்ணே."

மார்ச் 6

அலமாக், மாட்டிக்கொண்டேன்! இணையத்தில் யாரோ சும்மா கொடுத்த புரோகிராமைத்தான் மாற்றினேன். அவர் பெயரை ஆப்பிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். வேனில் கூட வரும் கத்தரின் அக்கா பார்த்துவிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்.

"அந்தப் புரோகிராமோட லைசென்ஸ்படி, மாத்தி அடுத்தவங்களுக்குக் குடுத்தா, கேக்குறவங்களுக்குக் கோடு, அதான் நீ எழுதுன புரோகிராம் வரி, அதையும் குடுக்கணும். நான் கேக்குறேன். குடு."

"நான் எதையும் ஒத்துக்கலையேக்கா! சைன் வைக்கல, பட்டன் அமுக்கல. சும்மா யூஸ் பண்ணேன்."

"யூஸ் பண்றதுக்கு ஒத்துக்கவே வேணாம்டா. ஒன் போன்லயே வெச்சிருந்தா நான் கேக்க முடியாது. நீ வேன் முழுக்கக் குடுத்திருக்க."

ஐயாசாமி அண்ணன் பிரேக் போட்டார். "நானும் யூஸ் பண்றேனே லா, என்னையும் புடிப்பாங்களா?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. ரோட்டப் பாருங்க."

மார்ச் 7

ஒத்துக்கவே இல்லன்னா லைசென்ஸ் என்னைக் கட்டுப்படுத்தாதில்ல? அக்காவிடம் கேட்டேன்.

"கட்டுப்படுத்தாது. ஆனா அடுத்தவங்களுக்குக் குடுக்க ஒனக்கு அனுமதி தர்றதே அதுதான். வேணாம்னா எல்லார் போன்லேருந்தும் ஆப்பைத் தூக்கு."

தூக்கினால் மறுபடி அடிதடி. எங்களோடு வரும் டாரில் மலை மாதிரி இருப்பான், அவன்தான் ஜெயிப்பான். ச்சே, எப்படிப் போனாலும் மாட்டுறேனே! என் பேர் இருக்குற அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சிட்டுக் குடுத்தா? — "என் போன்ல ஓடுற அதே கோடு வேணும்" என்று அக்கா முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கிறார்.

மார்ச் 10

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 11

கத்தரின் அக்கா வேனில் சத்தமாகப் படித்தார். "பேரு ஜீவன்னா, முன் சீட்."

டாரில் கைதட்டினான். ஐயாசாமி அண்ணன் கண்ணாடியில் என்னையே பார்த்தார். "நல்லாக் கும்புட்டடா சாமி."

மார்ச் 13

புது ஆப். கத்தரின் அக்கா மாற்றியது. நேற்றும் எனக்குக் கடைசி சீட், இன்றும் கடைசி சீட். டாரில் பக்கத்தில். கோடு கேட்டேன், எனக்கும் உரிமை இருக்குல்ல? உடனே அனுப்பினார். ஒளிவு மறைவே இல்லை: பேரு ஜீவன்னா, கடைசி சீட், மாசம் முடியிற வரைக்கும்.

தப்பு தேடினேன். சுத்தமாக எழுதியிருக்கிறார்.

டாரில் தலை என் தோளில். குறட்டை.

இதையும் நான் ஒத்துக்கலையே — ஆனா உட்கார்ந்துட்டேன்.