உன்னைப் போல் ஊதிய காலை

மச்சான்,

இன்று காலை பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியில் நீ நாயனத்தில் ஊதிய காம்போதி ராகத்தைப் போட்டார்கள். எந்தக் கல்யாணத்திலோ யாரோ டேப்பில் பிடித்து வைத்தது. அதற்கு முன்னால் நான் மூன்று தடவை காபி கேட்டிருந்தேன். என் பெண்சாதிக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் காது மந்தமாகி நாலு வருஷம் ஆகிறது. நீ முதல் இழுப்பு இழுத்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன்" என்றாள். பாட்டு முடிகிறவரை எனக்குக் காபி வரவில்லை.

நீ போய்ச் சேர்ந்து இத்தனை காலமாகியும் வயிறு எரிகிறது. எனக்கு எழுத வராது. மருமகளிடம் சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறேன். நடுநடுவே அவள் சிரிக்கிறாள்.

எழுபதுகளில் உத்திரமேரூர் பக்கம் எந்தக் கோயிலில் கொடி ஏறினாலும் நாயனத்துக்கு நம் மூன்று பேரில் ஒருத்தரைத்தான் கூப்பிடுவார்கள். கூரத்துக்காரர் வாசிப்பு மெல்லிசு. சினிமாப் பாட்டு ஊதினால் கல்யாண வீட்டில் பெண்டுகள் கூடவே முணுமுணுப்பார்கள். எனக்கு விரலில் வேகம். நான் ஊதும்போது தவில்காரருக்கு வேர்த்துக் கொட்டும். நீ மாகறலிலிருந்து சைக்கிளில் ஆடி அசைந்து வருவாய், வாசிப்பும் அப்படித்தான். ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அதைவிட்டு நகர உனக்கு மனசு வராது. எங்கே மூச்சு எடுத்தாய் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது.

உனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியைத்தானே கட்டினேன். அவளுக்குப் பாம்புக் காது. வூட்டில் அடுப்பு ஊதிக்கொண்டே எந்தத் தெருவில் யார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடுவாள். "உன்னுது சட்டில கடலை வெடிக்கிற மாரி கீது. அண்ணன் ஊதினா பம்புசெட்டுத் தண்ணி வாய்க்கால்ல பாயற மாரி கீது" என்பாள். ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தது எனக்குப் போதவில்லை. ஒரே ஒரு தடவை, என் வாசிப்பைக் கேட்டு அவள் கைவேலையை நிறுத்த வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு பங்குனித் திருவிழாவில் காலைப் புறப்பாடு. சாமி குளத்தோரம் திரும்பியதும், "மச்சான், நீ வெத்தல போடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். உன் நாயனத்தில் கட்டித் தொங்கிய நாணல் சீவாளிகளில் அகலமானதாக ஒன்று கேட்டேன். எதற்கென்று கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தாய். அதை வாயில் வைத்து, விரல் வேகத்தை அடக்கி, உன்னைப் போலவே காம்போதியை ஊதினேன். குளத்துக்கு அந்தக் கரையில்தான் எங்கள் வூடு.

சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "இன்னா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லயா? மூச்சே பத்தல, பாவம்."

"ஜுரம்" என்றேன். வேறென்ன சொல்ல.

மறுநாள் தூக்கில் கஞ்சி ஊற்றி, நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்து, என் கையிலேயே கொடுத்தனுப்பினாள். மாகறல் வரை சைக்கிள் மிதித்தேன். நீ கொல்லையில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தாய்.

"எனக்கு இன்னாத்துக்குடா கஞ்சி?"

மறைக்காமல் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாய், ஊறுகாய்த் தோலை உறிஞ்சினாய், தூக்கைக் கழுவிக் கொடுத்தாய். பிறகுதான், "சரி உடு. நான் அபஸ்வரம் ஊதற அன்னிக்கி அது நீ ஊதினதுன்னு சொல்லிக்கறேன். கணக்கு நேராயிடும்" என்றாய்.

நானும் காத்திருந்தேன் மச்சான். கடைசிவரை நீ ஒரு அபஸ்வரம் ஊதவில்லை.

இப்போது எனக்குப் பல் இல்லை, சீவாளி வாயில் நிற்காது. ஏரிக்கரையில் உட்கார்ந்து கைத்தடியில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். கூரத்துக்காரர் காவாந்தண்டலம் கல்யாணத்தில் எந்த இடத்தில் சறுக்கினார் என்று இன்றைக்கும் சொல்வேன். உன் காம்போதி எங்கே நின்று எங்கே இறங்கும் என்பது உள்ளே அப்படியே ஓடுகிறது. என்னுடையதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினால், விரல் போன இடமெல்லாம் தெரிகிறது, சத்தம் மட்டும் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.