கூப்பிட்டால் வராத பிஸ்கட்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் மழை, பிறகு வெயில், பிறகு இரண்டும் சேர்ந்து. அறுபதாம் பிறந்தநாள் காணும் மாமியாருக்குச் சிரிப்பாக இரண்டு வரி கேட்டு நான் எழுதிக் கொடுக்கிற வாழ்த்து அட்டைக் கம்பெனி மறுபடி நச்சரிக்கிறது. நான் இதுவரை எழுதியதை மாமியார் படித்தால் மருமகன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வழக்கம்போல ஹாபின் காட்டுக்கு ஓடினேன். அங்கே அந்தப் பெரிய ஓக் மரத்தடியில் நின்றால்தான் எனக்கு வரி வரும். வீட்டில் வராது. கல்யாணம் ஆகியிருந்த காலத்தில் வார்த்தையே வராது.

எதிரே இரண்டு நாய்களோடு வந்த பெண் என்னைப் பார்த்ததும் நாய்களை இழுத்துக்கொண்டு முட்புதருக்குள் புகுந்து வேறு வழியாகப் போனார். முள்! நான் முள்ளைவிட மோசம்.

திரும்பும் வழியில் டோரீன் கடையில் பால் வாங்கினேன். பால், ரொட்டி, ஊர்வம்பு மூன்றும் அவளிடம் எப்போதும் புதிதாகக் கிடைக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க க்ளைவ். ஊர் வாட்ஸப்புல ஒரே பேச்சு. காட்டுக்குள்ள ஒரு ஆளு சும்மா நிக்கிறானாம். மரத்தைப் பார்த்துச் சிரிக்கிறானாம்."

"அது நான்தான் டோரீன்."

"தெரியும். அதான் மெதுவாச் சொல்றேன். நாய் இல்லாத ஆம்பளைக்குக் காட்டுல என்னங்க வேலை?"

என்ன பதில் சொல்வது? நாய் வளர்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் நாய் முடி ஒன்று மூக்கருகே பறந்தால் போதும், நான் தும்முகிற தும்மலில் பாதிரியார் வீட்டு ஜன்னல் அதிரும். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம். "மழை வரும்போல" என்பதைத் தாண்டி யாரும் என்னிடம் பேசியதில்லை. இப்போது காடும் போய்விடுமா?

ஏப்ரல் 11, வியாழன்

பஸ் பிடித்து டவுனுக்குப் போய், நாயைக் கட்டிக் கூட்டிப்போகிற தோல்வார் ஒன்று வாங்கினேன். சிவப்பு.

"என்ன சைஸ் நாய் சார்?"

"நடுத்தரம்."

"வயசு?"

"அதுவும் நடுத்தரம்தான். வயிறு மட்டும் கொஞ்சம் தொப்பை."

என்னைத்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

வெற்றி! வாரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, "பிஸ்கட்! டேய் பிஸ்கட்!" என்று மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டபடி நடந்தேன். அதே முட்புதர் பெண். இந்தத் தடவை நேரே என்னை நோக்கி வந்தார்.

"ஓடிட்டானா? என்னுதுங்களும் இப்படித்தான். ஒரு பேச்சு கேக்காது."

அப்புறம் அவருடைய அம்மாவின் முழங்கால் ஆபரேஷன், தங்கையின் விவாகரத்து, தங்கை புருஷனின் புது மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்திருப்பார்.

ஓக் மரத்தடியில் வரியும் வந்தது: "அத்தை, உங்களுக்கு அறுபது என்றால் யார் நம்புவார்? உங்கள் மகளே எழுபது என்றுதான் சொல்கிறாள்."

ஏப்ரல் 20, சனி

ஊர்க் கூடத்தில் கேக் போட்டிக்கு நான் நடுவராம். நாய் கிடைத்த பிறகுதான் எனக்கு நாக்கு இருப்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

காட்டில் நீலமணிப் பூ முழுக்கப் பூத்துவிட்டது. யாரோ தரையில் வானத்தைக் கொட்டிவிட்டு அள்ள மறந்துபோன மாதிரி. (இதை அட்டைக்கு எழுதினால் கம்பெனி திருப்பி அனுப்பும்.) ஊரே வந்திருந்தது. அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்போலக் குசுகுசுவென்று, "அழகா இருக்குல்ல?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு.

ஊரார் கூடும் மதுக்கடை நடத்துகிற நைஜலுக்கு மட்டும் குசுகுசுக்கத் தெரியாது.

"ஏம்ப்பா க்ளைவ், உன் நாயை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே?"

எல்லாத் தலையும் திரும்பியது. நாய்கள் உட்பட. "இப்பதான்... அந்தப் பக்கம்..." என்று இழுத்தேன்.

அப்போது பென்ஃபோல்ட் டீச்சர் வந்தார். எழுபத்தெட்டு வயசு. ஊர்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து, பாதி ஊருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். கழுத்தில் விசில், கையில் வார். அவருடைய நாய் மேஜர் எப்போதும் "முன்னால போயிட்டான்."

"பிஸ்கட்டா? நேத்துக்கூடப் பார்த்தேனே. ஒரு காது மட்டும் வெள்ளை. எங்க மேஜரோட ஓடைகிட்ட விளையாடிக்கிட்டு இருந்தான். நைஜல், நீ கண்ணாடியை மாத்து."

"சரிங்க மிஸ்."

ஒரு காது வெள்ளையாம்! எனக்கே தெரியாத செய்தி. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற அம்மாள், இமைகூடக் கொட்டாமல் புளுகுகிறார். எல்லாம் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் வாத்தியார் புத்தி, வேறென்ன? எனக்கு நல்லதாய்ப் போயிற்று, அவ்வளவுதான்.

மே 3, வெள்ளி

டீச்சர் பார்த்தாலும் பார்த்தார், இப்போது பிஸ்கட்டைப் பார்க்காதவர்களே ஊரில் இல்லை. இன்று மதுக்கடைச் சமையலறையில் ஒரு தட்டு சாசேஜ் மாயம். நைஜல் தன் மனைவி பாம் எதிரே நின்று சத்தியம் செய்கிறான்: "ஜன்னல் வழியா வந்தான் பாம். வெள்ளைக் காதைப் பார்த்தேன்!"

மன்னிப்புக் கேட்டேன். இல்லாத நாய்க்காக, மனமாரக் கேட்டேன்.

மே 5, ஞாயிறு

பாதிரியார் தோட்டத்துத் துலிப் பூக்களையும் பிஸ்கட் தோண்டிவிட்டானாம். அவருடைய அக்கா ஆசையாக நட்டுக் கொடுத்ததாம். இரண்டு வாரமாகத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனதாக முன்பு டோரீனிடம் அவரே புலம்பியிருக்கிறார். அந்தப் பேச்சு இப்போது அமுங்கிவிட்டது. என் நாய்க்கு என்னைவிட வேலை அதிகம்.

மே 8, புதன்

சிரிப்பெல்லாம் போச்சு.

ஹாபின் காடு பண்ணைக்காரர் ரெஜ்ஜுடையது. ஊரார் அதில் இஷ்டத்துக்கு நடப்பது அவருடைய பெருந்தன்மை. சாயங்காலம் என் கதவைத் தட்டினார். தட்டினார் என்பது மரியாதைக்காக.

"காலைல என் ஆட்டுங்களை ஏதோ ஒரு நாய் தொரத்தியிருக்கு. குட்டி ரெண்டு நொண்டுது. ஊரே உன் நாயைத்தான் சொல்லுது."

"இருக்காது ரெஜ். அவன்... அவன் சாது."

"வெள்ளிக்கிழமை மதுக்கடைக்குக் கூட்டிட்டு வா. நான் பார்க்கணும். வரலைன்னு வெச்சுக்க, காட்டு கேட்டுக்குப் பூட்டுதான். உன் நாய்க்கு மட்டுமில்ல, ஒருத்தனும் உள்ள கால் வைக்க முடியாது."

நாய் இருந்தால்தானே கூட்டிப்போக? உண்மையைச் சொன்னால் மறுபடி மரத்தைப் பார்த்துச் சிரிக்கிற கிறுக்கன். சொல்லாவிட்டால் ஊருக்கே காடு இல்லை. அந்த முட்புதர் பெண், கேக் போட்டிக் கும்பல், எல்லாரும் எங்கே போவார்கள்? ஏன்டா க்ளைவ், ஒழுங்காகப் பூனை வைத்திருப்பவன்போல நடித்திருக்கக் கூடாதா? பூனையை யார் வாக்கிங் கூட்டிப் போகிறார்கள்!

மே 10, வெள்ளி

மதுக்கடையில் நிற்க இடமில்லை. ரெஜ் கணப்புக்குப் பக்கத்தில், தொப்பியைக்கூடக் கழற்றாமல். நான் எழுந்தேன்.

"எங்கிட்ட நாய் இல்லை. எப்பவுமே இருந்ததில்லை. இதோ, வெறும் வார்தான்."

"நாயை ஒளிச்சு வெச்சுட்டுக் கதை விடறியா?" என்றார் ரெஜ். "இல்லாத நாயா என் ஆட்டைத் தொரத்துச்சு? இல்லாத நாயா நைஜல் சாசேஜைத் தின்னுச்சு?"

நைஜல் ஒரே கிளாஸை அழுத்தி அழுத்தித் துடைத்தான். பாதிரியார் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ரெஜினால்டு."

மூலையிலிருந்து பென்ஃபோல்ட் டீச்சர். ரெஜ்ஜின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"புதன்கிழமை காலைல பிஸ்கட் எங்க மேஜரோடதான் இருந்தான். நான் ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். மேஜர் ஆட்டைத் தொரத்துவான்னு சொல்றியா?"

எல்லாரும் அவரவர் பீரை ஏதோ ஆழ்கிணறுபோல உற்றுப் பார்த்தார்கள். ரெஜ்ஜின் முகம் பீட்ரூட்.

"இல்லைங்க மிஸ்," என்றார் கடைசியில். "மேஜர் அப்படிப்பட்டவன் இல்லை."

"அப்ப?"

"வேற எங்கிருந்தாவது வந்த நாயா இருக்கும் மிஸ்."

"காட்டு கேட்?"

"தொறந்தே இருக்கும் மிஸ்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊருக்கே பயங்காட்டுகிற மனிதர், ஒரு நாய் பெயரைச் சொன்னதும் பள்ளிப் பையனாகிவிட்டாரே? நைஜல் என் காதருகே குனிந்தான்.

"மேஜர் செத்து ரெண்டு வருஷமாச்சுப்பா. டீச்சர் அப்புறமும் தினம் வாரை எடுத்துக்கிட்டு நடப்பாங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லை." கொஞ்சம் நிறுத்தி, "அந்த சாசேஜ்... பாம் காதுல போட்டுடாதே. டாக்டர் எனக்கு அதைத் தொடவே கூடாதுன்னுட்டார்."

வீட்டுக்கு வந்து ஏப்ரல் 27ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. வாத்தியார் புத்தி என்றா எழுதினேன்? முதல் நாளே என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெறும் வாரைப் பிடிக்கிற கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

மே 11, சனி

மழை. மாமியார் அட்டைக்கு நல்ல கிராக்கியாம். அடுத்து மாமனாருக்கு வேண்டுமாம்.

மே 12, ஞாயிறு

கோவில் விட்டதும் டீச்சர் காட்டு கேட்டருகே நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, விசில், பழைய பழுப்பு வார். நான் சிவப்பு வாரோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"பிஸ்கட் குண்டாயிட்டான்," என்றார். "அந்த சாசேஜோட வினை."

"ஆமாங்க டீச்சர். மேஜரோட நாலு நாள் ஓடினா சரியாப் போயிடும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. எனக்குத் திடீரென்று ஒரு பெரிய தும்மல். காக்கைகள் பறந்தன.

"மரத்துப் பூந்தூள்," என்றேன்.

"இல்லை, பிஸ்கட் முடி," என்றார் கண்டிப்பாக. "வாரம் ஒரு தடவையாவது சீவி விடுங்க."

"சரிங்க மிஸ்."

கேட்டைத் திறந்து பிடித்தேன். டீச்சர் உள்ளே போனார். பின்னால் மேஜரும் பிஸ்கட்டும் போக, இன்னும் கொஞ்சம் திறந்தே பிடித்திருந்தேன்.